ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை, பகலில்

இரண்டு மூன்று நாள் லீவு கிடைத்து மலையகம் போகிறவர்களில் பலர் நானுஓயாவில் இறங்கி நுவரெலியா ஏரிக்கரைக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் இரவில் ஹட்டன் வந்து, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நல்லதண்ணி போய், சிவனொளிபாதமலை ஏறி மறுநாளே ஊர் திரும்புகிறார்கள். ஹட்டனுக்கும் நல்லதண்ணிக்கும் இடையில் கிடக்கும் சுமார் 30 கிலோமீட்டர் பாதை அவர்களுக்கு இருட்டிலேயே கழிந்துவிடுகிறது. குறுகிய பயணத்துக்கு இந்தப் பாதை ஒன்றே போதும் என்பது என் கருத்து. இதைப் பகலில், நின்று நின்று போகவேண்டும். ஏனென்றால் இங்கே அழகு என்று நாம் பார்க்க வருவதில் பெரும்பங்கு மனித உழைப்பால் ஆனது. உழைப்பு கண்ணில் படும் நேரம் பகல்தான்.

ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. இலைநோயில் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலையை இறக்கிக்கொண்டுபோன அதே தண்டவாளத்தில்தான், 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஹட்டன் ஸ்டேஷனில் படம் பிடிக்க நிற்பவர்கள் இதையும் தெரிந்து நிற்பது நல்லது.

டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும். இயற்கை ஏரி போலத் தெரிந்தாலும், மின்சாரத்துக்காகக் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் உண்டாக்கிய நீர் அது. கரையிலுள்ள வார்லி தேவாலயம் 1878இல் துரைமார் காலத்தில் எழுந்தது. சரிவில் காலையில் பார்த்தால் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுவார்கள். கண் அடுத்த செடியில் இருக்கும், கை நிற்காது. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் கிலோதான் அன்றைய நாளின் கணக்கு. செடிகள் ஒரே மட்டத்தில் பச்சைக் கம்பளம்போல் விரிந்திருப்பதும் அந்தக் கைகளாலும் கவ்வாத்துக் கத்தியாலும்தான்.

நோர்வூட்டில் ஒரு கிளைப்பாதை பொகவந்தலாவைக்குப் பிரிகிறது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானார். நேர்பாதையில் வரும் மஸ்கெலியா இடம்பெயர்ந்த ஊர். 1969இல் மவுசாகலை அணை நிறைந்தபோது பழைய நகரம் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றினால் கோவில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சங்களும் வெளியே தெரியும்.

ஏழைகளின் வேலைத்தலத்தை வேடிக்கை பார்ப்பது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லயத்துக்குள் நுழைவதும், கேட்காமல் முகத்தைப் படமெடுப்பதும் தவறுதான். ஆனால் பாதை எல்லோருக்கும் பொது. 1948 குடியுரிமைச் சட்டம் கணக்கிலிருந்தே நீக்கிய ஒரு சமூகத்தை, பயணியும் இருட்டில் கடந்துபோவது மரியாதை ஆகாது. தங்குமிடம் விலை கூடுதல் என்பது இன்னொரு குறை. பழைய துரை பங்களாக்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ சாதாரண விடுதியில் தங்கி, ஊர்க்கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டால் காசும் அந்த ஊரிலேயே நிற்கும். நுவரெலியாவில் பார்க்க இடங்கள் அதிகம்தானே என்றால், அதுவும் சரிதான். ஆனால் இரண்டு நாளில் அத்தனைக்கும் ஓடினால் வாகனத்துக்குள்தான் அதிக நேரம் போகும்.

போக நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட குளிர்காற்றில் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் கூடும் பருவம் அது. டிசம்பர் முதல் மே வரையான மலையாத்திரைக் காலத்துக்குள்ளும் அது வரும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் மலை பெரும்பாலும் மூட்டத்துக்குள் போய்விடும். போயா நாளையும் வார இறுதியையும் தவிர்த்து, முதல் நாள் காலை பஸ்ஸில் ஹட்டனிலிருந்து புறப்பட்டு டிக்கோயாவிலும் நோர்வூட்டிலும் இறங்கி ஏறினால், மாலைக்குள் மஸ்கெலியா. அடுத்த நாள் நல்லதண்ணி. உடம்பு இடங்கொடுப்பவர்கள் அன்றிரவு 2,243 மீட்டர் உச்சிக்கு ஏறலாம்; முடியாதவர்கள் அடிவாரத்திலிருந்தே மலையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.