கதையில் விழுந்த ஓட்டைகள்



கதை கேட்பது ஒரு சுகம் என்றால், கேட்ட கதையில் குற்றம் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய சுகம். "நேற்று ராஜாவுக்கு மூன்று மகன் என்றீர்களே பாட்டி, இன்று நான்காகிவிட்டதே?" என்று கேட்காத பேத்தி உலகில் உண்டோ? பாட்டியும் சளைக்காமல், "ராத்திரி ஒன்று பிறந்துவிட்டதடி" என்பார். கேட்டவளும் சிரித்துவிட்டு மேலே கேட்பாள். ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத ஓட்டைகளும் கதைகளில் உண்டு என்பதை இவ்வாண்டுதான் அறிந்துகொண்டேன். அதைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

அமெரிக்காவில் பல்லாண்டுகள் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அத்தை, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். அவர் பெட்டியில் சேலைகளுக்கும் சாக்லேட்டுகளுக்கும் அடியில் டிவிடிக் கட்டு ஒன்று இருந்தது. அதில் இருந்தது 'டார்க் ஷேடோஸ்' என்ற பழைய தொடர் நாடகம். 'இருண்ட நிழல்கள்' என்று தமிழில் சொல்லலாம். 1966ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 2 வரை, வாரத்திற்கு ஐந்து நாள் வீதம், அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் பகல் வேளையில் அது ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 1225 பகுதிகள்! பின்னாளில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் அதை மறுபடியும் ஒளிபரப்பியபோது, இரவுப் பணி முடிந்து வந்து அத்தை பார்ப்பாராம். விடுமுறையில் நான் பார்த்தது அதில் ஒரு பகுதியே. மீதியை அத்தையின் வாயால் கேட்டேன்.

இத்தகைய பகல் நேரத் தொடர்களை அங்கே 'சோப் ஓப்பரா' என்பார்கள். வானொலிக் காலத்தில் சோப்பு விற்கும் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய நாடகங்கள் என்பதால் வந்த பெயர் அது. மற்ற சோப் ஓப்பராக்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் காதலும் கண்ணீரும் இருக்கும். இதிலோ பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, குன்றின் மேல் வீசும் காற்று, ஆவி, சூனியக்காரி, இரத்தக் காட்டேரி! பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓட்டமாய் ஓடி வந்து தொலைக்காட்சி முன் அமர்ந்தார்கள் என்றால் வியப்பில்லை அல்லவா?

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். விக்டோரியா வின்டர்ஸ் என்ற இளம்பெண் நியூயார்க்கிலிருந்து ரயிலேறி, மெய்ன் மாநிலத்தில் உள்ள காலின்ஸ்போர்ட் என்ற கற்பனை ஊருக்கு வருகின்றாள். அங்கே காலின்வுட் மாளிகையில் டேவிட் என்ற சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை அவளுக்கு. மாளிகையின் தலைவி எலிசபெத் அம்மையார் பதினெட்டு ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியே காலடி வைக்காதவர். விக்டோரியாவோ அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். குழந்தையாய் அவளை இல்லத்தின் வாசலில் விட்டுச் சென்றவர்கள், பெயர் விக்டோரியா என்றும், தங்களால் வளர்க்க இயலவில்லை என்றும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அது குளிர்காலம். ஆகவே குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லையே அவளுக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். பின்னர் மெய்ன் மாநிலத்துப் பாங்கோர் நகரிலிருந்து மாதந்தோறும் ஐம்பது டாலர் அவள் பேருக்கு வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர் யார் என்று தெரியாது. காலின்ஸ்போர்ட்டில் வேலை என்றதும் அவள் ஓடி வந்ததே, தான் யார் என்று கண்டுபிடிக்கத்தான்.

தொடங்கிய காலத்தில் தொடரைப் பார்ப்போர் குறைவாக இருந்ததால், தயாரிப்பாளர் டேன் கர்ட்டிஸ் முதலில் ஆவிகளைக் கொண்டுவந்தார். 1967 ஏப்ரலில் இரத்தக் காட்டேரியையே இறக்கிவிட்டார். அவன் பெயர் பார்னபாஸ் காலின்ஸ். நடித்தவர் ஜொனாதன் ஃப்ரிட் என்ற கனடா நாட்டவர். சில வாரங்களில் முடிந்துவிட வேண்டிய அந்தப் பாத்திரம், மக்கள் வரவேற்பால் தொடரில் நிலைத்துவிட்டது.

பள்ளி திறந்ததும் இக்கதையை மதிய இடைவேளையில், வேப்பமரத்தடியில், என் தோழியர் நால்வருக்குத் தவணை முறையில் சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் எங்கள் சிஸ்டர் பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "பார்னபாஸா? புனித பவுலடியாரோடு ஊர் ஊராய் நற்செய்தி அறிவித்த பர்னபாவின் பெயரையா இரத்தம் குடிப்பவனுக்கு வைத்தார்கள்?" என்று கேட்டார். நாங்கள் நடுங்கிவிட்டோம். சிறிது நேரம் கழித்து, "சரி, சவப்பெட்டியைத் திறந்தவன் கதி என்னவாயிற்று?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அன்று முதல் எங்களுக்குத் துணிவு வந்துவிட்டது.

துணிவு வந்ததும் குற்றப் பத்திரிகையும் வந்தது. கணக்கில் புலியான தோழி ஒருத்தி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஓட்டைகளை வரிசையாக எழுதலானாள். அவற்றுள் சிலவற்றைத் தருகின்றேன்.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. காலின்வுட் மாளிகையை ஜெரமையா காலின்ஸ் 1830இல் கட்டினார் என்று தொடக்கத்தில் சொல்கின்றார்கள். பின்னர் கதை கடந்த காலத்திற்குப் போகும்போது, 1795லேயே மாளிகை எழுந்து நிற்கின்றது! கட்டுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீடு எப்படி நிற்கும்?

இரண்டாவது, முகம். கூடத்துச் சுவரில் பார்னபாஸின் பழைய ஓவியம் தொங்குகின்றது. அதே முகத்தோடு ஒருவன் வந்து, "நான் இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன்" என்கின்றான். எல்லோரும் "என்ன குடும்பச் சாயல்!" என்று மகிழ்கின்றார்கள். சூரியன் மறைந்த பிறகே அவன் வருவதை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை.

மூன்றாவது, விக்டோரியா. 1967 நவம்பரில், ஆவியை அழைக்கும் கூட்டம் ஒன்றில் அவள் மறைந்து 1795ஆம் ஆண்டில் போய் விழுகின்றாள். அங்கே உயிருள்ள பார்னபாஸோடு ஒரே வீட்டில் வாழ்கின்றாள். சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டுத் தூக்குமேடை வரை போய்த் திரும்புகின்றாள். திரும்பி வந்தபின் எதிரே நிற்கும் 'உறவினன்' யார் என்று சந்தேகிக்க வேண்டாமா? "இவளிடமா டேவிட் பாடம் படித்தான்? பாவம் அந்தப் பையன்!" என்றாள் நோட்டுக்காரி.

நான்காவது, எலிசபெத் அம்மையார். கணவர் பால் ஸ்டாடர்டைத் தாமே கொன்றுவிட்டதாக நம்பி, நிலவறைக்குக் காவலாய்ப் பதினெட்டு ஆண்டுகள் வீட்டிலேயே அடைந்து கிடக்கின்றார். ஆனால் அவர் சாகவே இல்லை. 1969இல் உயிரோடு திரும்பி வருகின்றார். வேடிக்கை என்னவென்றால், முன்னே அம்மையாரை மிரட்டிப் பணம் பறித்த ஜேசன் மக்வயராக நடித்த டென்னிஸ் பேட்ரிக்கே கணவராகவும் நடித்தார்!

இவற்றுக்கெல்லாம் சமாதானம் சொல்பவளும் எங்களுள் ஒருத்தி உண்டு. வழக்கறிஞராக வேண்டும் என்பது அவள் ஆசை. "வாரம் ஐந்து நாடகம் எழுதி, ஒத்திகை பார்த்து, பதிவு செய்ய வேண்டும். ஒரு முறை பதிவு செய்தால் வெட்டி ஒட்டுவது அரிது. நடிகர் வசனத்தை மறந்தாலும், மைக் தலைக்கு மேலே தெரிந்தாலும் அப்படியே போகும். அந்த அவசரத்தில் 1830ஐ யார் நினைவில் வைப்பார்?" என்பது அவள் வாதம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாட்டியின் நான்காவது ராஜகுமாரனைப் போன்றதே இது.

அமெரிக்காவில் இத்தொடரின் அன்பர்களும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே வழக்காடி வருகின்றார்களாம். தாங்களே பத்திரிகை நடத்தினார்கள். ஆண்டு விழாக்கள் கூட்டினார்கள். 1225 பகுதிகளில் ஒன்றின் ஒளிநாடா மட்டும் காணாமற் போயிற்று. யாரோ ஒருவர் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ஒலியைக் கொண்டே அதனை ஒருவாறு மீட்டார்கள். குறை சொல்பவர்கள் வெறுப்பவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். எங்கள் ஐவருள் ஒருத்தி இல்லத்தில் தங்கிப் படிப்பவள். அவள் பெயரை எழுத வேண்டாம் என்றாள். மற்றதை எழுதலாம் என்றாள். அவளுடைய சான்றிதழில் பிறந்த நாளாக இருப்பது, அவள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாள். இரத்தக் காட்டேரி வரும்போதெல்லாம் நாங்கள் கூச்சலிடுவோம், அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "விக்டோரியாவின் அம்மா யாரென்று தெரிந்ததா?"

தெரியவில்லை. 1225 பகுதிகள் முடிந்தும் தெரியவில்லை. எலிசபெத் அம்மையாரே தாய் என்று அன்பர் பலர் நம்புகின்றார்கள். ஓவியர் சாம் எவன்ஸ் வரைந்த பழைய படம் ஒன்றில் இருந்த பெண் விக்டோரியாவைப் போலவே இருந்தாள். அதுவும் ஒரு தடயம்தான். ஆனால் காட்டேரி வந்ததும் கதை அவன் பின்னே போய்விட்டது. விக்டோரியாவாக நடித்த அலெக்ஸாண்ட்ரா மோல்ட்கே, தாயாகப் போவதை முன்னிட்டு 1968இல் விலகினார். வேறு இருவர் சில நாட்கள் அந்த வேடத்தில் வந்தார்கள். பின்னர் அவளைக் கடந்த காலத்திற்கே அனுப்பிவிட்டார்கள். டேவிட்டுக்குப் பாடம் சொல்ல மேகி வந்துவிட்டாள். கேள்வி மட்டும் விடையின்றி நின்றுவிட்டது.

இதைச் சொன்ன அன்று நோட்டுக்காரி வழக்கம்போல், "ஓட்டை எண் பதினேழு" என்று எழுதப் போனாள். இல்லத்துத் தோழி நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"இதை எழுதாதே. இது ஓட்டை இல்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் மறந்திருக்க மாட்டாள்."

வழக்கறிஞர் தோழி, "நடிகை போய்விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று தொடங்கினாள்.

"ஒரு நாள் போதுமே! ஆயிரத்து இருநூறு நாளில் ஒரே ஒரு நாள்!" என்றாள் அவள். அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான். யாரும் பேசவில்லை. மணி அடித்தது, எழுந்து வகுப்பிற்குப் போனோம்.

மறுநாள் நோட்டுக்காரியே ஒரு யோசனை சொன்னாள். விக்டோரியாவின் கதைக்கு ஆளுக்கொரு முடிவு எழுத வேண்டும் என்றாள். நான் பாங்கோர் நகரில் ஒரு பழைய வழக்கறிஞரையும் முத்திரையிட்ட கடிதத்தையும் வைத்து எழுதினேன். மருத்துவம் படிக்க விரும்புபவள் இரத்தப் பரிசோதனை வைத்தாள். வழக்கறிஞர் நீதிமன்றமே கூட்டினாள். நோட்டுக்காரி ஐம்பது டாலர் அனுப்பிய கணக்கைக் கூட்டிப் பார்த்து, அதைக் கொண்டே ஆளைப் பிடித்தாள். இல்லத்துத் தோழி எழுதியது நான்கே வரிகள். எலிசபெத் அம்மையார் கூடத்திற்கு வருகின்றார். ஆவி இல்லை, இடி மின்னல் இல்லை, கடிதமும் இல்லை. விக்டோரியாவை உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து, தம் வாயால் சொல்லுகின்றார். "கடிதம் என்றால் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது" என்றாள் அவள்.

என் முடிவு அலங்காரமாக இருந்தது. அவளுடையது உண்மையாக இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கின்றோம்.

தோழியரே, ஆண்டுக் கணக்கு பிழைத்தால் நாம் திருத்திக்கொள்ளலாம். மைக் தெரிந்தால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே ஒரு பெண்ணை ரயிலேற்றி, "நான் யார்?" என்று கேட்க வைத்தவர்கள், அவளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? நம்முள்ளும் நாளை கதை எழுதப் போகின்றவர்கள் இருக்கலாம். காட்டேரிகளை எத்தனை வேண்டுமானாலும் இறக்குங்கள். ஆனால் வாசலில் நிற்பவளை மறந்துவிடாதீர்கள். அவளுக்காகவே கதை கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி, எங்கோ ஒரு மரத்தடியில் இருப்பாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி