அத்தையின் போனும் அக்னி நட்சத்திரமும்

மே 4, 2025, ஞாயிறு. வேலூர்

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். மின்விசிறிக் காற்றே சுடுகிறது. வெளியே போக வழியில்லாததால் அத்தையின் போனோடு உட்கார்ந்தேன். "தொட்டா அசைய மாட்டேங்குதுடா. யாராச்சும் கூப்ட்டா, பச்சைய தள்ளி எடுக்கறதுக்குள்ள அவங்களே வச்சுடறாங்க" என்பது புகார். ஐந்து வருஷப் பழசு. 3 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். புதுசு வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்று பெங்களூரிலிருந்து மகன் சொல்லிவிட்டான். அத்தைக்கு மனசில்லை. "வாங்கறப்ப நல்லாத்தானே இருந்துச்சு, நடுவுல என்ன வந்துச்சு?" என்கிறார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் கேட்கும் கேள்வி அது. சிப் தேய்வதில்லை. வாங்கிய அன்று இருந்த வேகம் அதற்கு இன்றும் உண்டு. சுற்றியிருக்கும் எதுவோதான் மாறியிருக்கிறது.

எதிலும் கை வைக்காமல் முதலில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தேன். மிச்சம் அரை ஜிபிகூட இல்லை. வாட்ஸாப் ஒன்று மட்டும் 13 ஜிபியை விழுங்கியிருந்தது.

போன் நிரம்பினால் படம் எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வேகம் ஏன் குறைய வேண்டும்? ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக, அழிப்பது பெரிய பெரிய தொகுதிகளாக. காலி இடம் தாராளமாக இருந்தால் புதிய தொகுதியில் எழுதிவிட்டு, பழையதை அப்புறம் சாவகாசமாகத் துடைத்துக்கொள்ளும். இடமில்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேண்டிய தகவலை வேறு மூலைக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, அதற்குப் பிறகே எழுத முடியும். விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி மெமரிக்கு இன்னொரு குறையும் உண்டு. எழுதும் நேரத்தில் அதனால் படிக்க முடியாது. அத்தை பச்சையைத் தள்ளும் அதே நொடியில் குடும்பக் குரூப்பில் யாரோ அனுப்பிய வீடியோ இறங்கிக்கொண்டிருந்தால், அழைப்புத் திரை காத்திருக்கத்தான் வேண்டும்.

2012இல் வந்த நெக்ஸஸ் 7 டேப்லெட்டுகள் சில மாதங்களிலேயே மந்தமானதாகப் பெரிய கூச்சல் எழுந்தது. மறுவருஷம் ஆண்ட்ராய்டு 4.3 வந்தபோது அதில் ட்ரிம் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். கருவி சும்மா கிடக்கும் நேரத்தில், இன்னின்ன இடமெல்லாம் இனி தேவையில்லை என்று மெமரிக்குத் தகவல் போகும். தேவையில்லாத இடம் என்று ஒன்று இருந்தால்தானே அந்த ஏற்பாட்டுக்கும் வேலை.

மே 5, திங்கள்

காலை முழுக்கப் பேரம். வாட்ஸாப் செட்டிங்ஸுக்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பக்கம், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை ஒரு பக்கம் என்று அதுவே பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவது பக்கத்தை மொத்தமாக அழித்துவிடலாம் என்றேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தோம். ரத்தினகிரி முருகன் படம் ஒன்றே ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருந்தது. "அது ஒண்ணு இருக்கட்டும்." எதை விடுவது என்று கேட்டதற்கு, அனுப்பியவர்களை வைத்து முடிவு செய்தார். சம்பந்தியம்மா அனுப்பியதை அழிக்கக் கூடாதாம். அழித்தால் அவருக்குத் தெரியாது என்று சொன்னேன். "எனக்குத் தெரியுமேடா." ரோஜாப்பூவும் காபிக் கோப்பையும் சூரிய உதயமும் போட்ட காலை வணக்கங்கள் எந்த வாதமும் இல்லாமல் போயின. வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் எல்லா நோயும் தீரும் என்ற வீடியோவைத் தானே அழித்தார். அதை அனுப்பியவர் போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாராம்.

இது வேலூர் வீட்டு விவகாரம் மட்டுமில்லை. இந்தியப் போன்கள் ஏன் இப்படி நிரம்புகின்றன என்று கூகுள் ஆட்கள் துருவியபோது, காலை வணக்கப் படங்கள்தான் வந்து நின்றன. 2017 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலிக்கு அந்தப் படங்களை அடையாளம் கண்டு அழிக்கும் வித்தையையும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அதன் பெயர் ஃபைல்ஸ் பை கூகுள். பல போன்களில் வாங்கும்போதே இருக்கிறது.

மதியத்துக்குள் 11 ஜிபி காலி. பேரன் நடக்கப் பழகிய வீடியோக்களை என் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டேன். மீடியா தானாக இறங்குவதை நிறுத்தியாயிற்று. இனிமேல் எந்தப் படம் வேண்டுமோ அதைத் தொட்டால்தான் வரும். அத்தைக்கு இது பிடித்திருக்கிறது. தொடாமல் விடும் அதிகாரம் கையில் வந்ததுபோல் ஒரு முகம்.

மே 7, புதன்

அழைப்பை இப்போது உடனே எடுக்க முடிகிறது. ஆனாலும் லாக் ஸ்கிரீனில் அவ்வப்போது சூதாட்ட விளம்பரம் எட்டிப் பார்த்தது. தேடியதில், போனை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு செயலி அகப்பட்டது. பக்கத்து வீட்டுப் பையன் நல்லெண்ணத்தில் போட்டுக்கொடுத்தது. ராக்கெட் பறக்கும், "68 சதவீதம் வேகம் கூடியது" என்று எழுத்து வரும், பின்னாலேயே விளம்பரம். 2020 பிப்ரவரியில் இப்படித் தொல்லை விளம்பரம் காட்டிய சுமார் 600 செயலிகளைக் கூகுள் ஒரே மூச்சில் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. இந்த வகைச் செயலி எதற்குமே எந்தப் போனிலும் இடம் தரக் கூடாது என்பது என் கட்சி. செயலி கூடக்கூட வேகம் குறையும் கருவியில், வேகத்துக்காக இன்னொரு செயலி!

அத்தையிடம் வேறொரு பழக்கமும் இருக்கிறது. எதைப் பார்த்து முடித்தாலும், திறந்திருந்தவற்றையெல்லாம் வரிசையாக மேலே தள்ளி மூடிவிடுவார். "வீட்ட பெருக்கி வைக்கிற மாதிரிதானே" என்றார். ராம் விஷயத்தில் பெருக்கினால் நஷ்டம். கொஞ்ச நேரம் முன் பார்த்த செயலியை ஆண்ட்ராய்டு நினைவில் அப்படியே உறையவைக்கிறது. பெரும்பாலும் அது பேட்டரியைத் தின்பதில்லை, மறுபடி தொட்டதும் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. மூடிவிட்டால் ஸ்டோரேஜிலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் நேரமும் மின்சாரமும். ராம் பற்றாக்குறை வந்தால், வேண்டாத செயலிகளைக் கொல்வதற்கு ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. காலி ராம் யாருக்கும் உபயோகமில்லாத ராம். எந்தச் செயலியாவது சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் அதை மட்டும் மூடலாம்.

சரி சரி என்று கேட்டுக்கொண்டு, பேச்சு முடிந்ததும் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடினார்.

மே 8, வியாழன்

ஒரு கண்கட்டு வேலை. அபவுட் போனில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அனிமேஷன் ஸ்கேல் என்று அங்கே மூன்று வரி. மூன்றையும் 1இலிருந்து 0.5 ஆக்கினேன். திரைகள் வழுக்கி வந்து நிற்கும் நேரம் பாதியாகிறது. பிராசஸருக்கு ஒரு துளி வேகமும் கூடவில்லை. அத்தையோ "இப்பத்தான்டா சரியாச்சு" என்கிறார். நேற்றெல்லாம் வியர்க்க வியர்க்கச் செய்ததற்கு இந்தப் பாராட்டு வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எதையும் தொடவில்லை, தொடவும் கூடாது.

மே 10, சனி

இனி பேட்டரி. காலையில் நூறு, பகல் இரண்டு மணிக்கு இருபது. பேட்டரி யூசேஜ் பட்டியலில் முதலிடம் திரைக்கு இல்லை, மொபைல் நெட்வொர்க்குக்கு. காரணம் வீட்டிலேயே இருந்தது. பழைய காலத்துக் கனத்த சுவர். உள்ளறை அலமாரியில்தான் போன் பகல் முழுக்கக் கிடக்கிறது. அங்கே சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும். தூரத்து டவரை எட்டிப்பிடிக்க ரேடியோ தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். பேசாவிட்டாலும், பார்க்காவிட்டாலும் செலவு நிற்காது. போனை வாசல் திண்ணை ஜன்னலுக்கு மாற்றினோம். வெயில் படாத பக்கம்.

அப்புறம் செயலிகள். துணிக்கடைச் செயலி, செய்திச் செயலி, என்றோ ஒருநாள் பஸ் டிக்கெட் எடுத்த செயலி என்று எதெதுவோ பின்னணியில் விழித்துக்கொண்டிருந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6இல் வந்த டோஸ் என்ற ஏற்பாடு, திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் எல்லாச் செயலியையும் தூங்கவைத்து, எப்போதாவது ஒரு இடைவெளியில் மட்டும் எழ விடுகிறது. 2018இன் ஆண்ட்ராய்டு 9, நாம் எதை எவ்வளவு தொடுகிறோம் என்று கவனித்து அதற்கேற்ப ரேஷன் போடுகிறது. ஆகவே நான் செய்ய வேண்டியிருந்தது கொஞ்சம்தான். வேண்டாததை நீக்கினேன், நீக்க முடியாததை டிஸேபிள் செய்தேன், மிஞ்சியதில் இரண்டைப் பின்னணியில் ஓடாமல் கட்டினேன். வாட்ஸாப்பை மட்டும் கட்டவில்லை. கட்டினால் துபாயிலிருந்து தங்கை மகள் கூப்பிடுவது வராது, அப்புறம் நான் இங்கே தலைகாட்ட முடியாது.

டார்க் மோட் போட்டால் பேட்டரி மிச்சமாகுமா என்று மருமகள் போனில் கேட்டாள். அத்தையின் போன் எல்சிடி. கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், காலணா மிச்சமில்லை. மருமகளுடையது ஓலெட். அதிலும், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்து பார்த்ததில், வீட்டுக்குள் நாம் வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் சராசரி மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினால்தான் 39 முதல் 47 வரை போகிறது. கண்ணுக்கு இதமாக இருந்தால் போட்டுக்கொள் என்றேன்.

மே 15, வியாழன்

ஜன்னலுக்கு மாறியதில் மாலைவரை தாங்குகிறது. ஆனால் இருபது சதவீதத்தில் திடீரென்று அணைந்துவிடுகிறது. இதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது. பேட்டரி கிழடாகிவிட்டது.

ஐந்து வருஷமாக ராத்திரி முழுக்கச் சார்ஜில், கனமான ரெக்சின் உறைக்குள், ஃபிரிட்ஜ் தலையில். வேலூர் கோடையில் அந்த இடம் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பார்த்தேன். லித்தியம் அயனி பேட்டரிக்குச் சூடும் நிறைந்த வயிறும் சேர்ந்து வருவதுதான் ஆகாது. கனடாவில் கேடெக்ஸ் நிறுவனத்தை உண்டாக்கிய ஐசிடோர் புக்மன் தொகுத்த அட்டவணை ஒன்று உண்டு. 25 டிகிரியில், 40 சதவீதம் சார்ஜோடு ஒரு வருஷம் வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. 40 டிகிரியில், முழுச் சார்ஜோடு வைத்தால் 65தான். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே இந்தக் கதி. உள்ளே மின்முனையின்மேல் ஒரு படலம் வளர்ந்து லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. மின்தடை ஏறுகிறது. கேமராவைத் திறந்ததும் ஒரேயடியாக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

பஜாரில் ஒரு சர்வீஸ் கடை. "ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா?" என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டார். ஒரிஜினல் என்றோம். தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கிறதா என்று அத்தை கேட்டு வாங்கிப் பார்த்தார். பேட்டரி பின்மூடிக்குள் பசை போட்டு ஒட்டப்பட்டிருப்பதால் சூடேற்றிப் பிரிக்க வேண்டியிருந்தது. அரைமணி நேர வேலை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது சட்டம். வேலூருக்கு அந்தச் சட்டம் வருமோ வராதோ, ஃபிரிட்ஜ் தலையிலிருந்து போன் இறங்கிவிட்டது. சார்ஜ் இனிமேல் காலையில், கண்முன்னே, உறையைக் கழற்றி, எண்பதுக்குப் பக்கத்தில் பிடுங்குவதாக ஏற்பாடு.

மே 18, ஞாயிறு

ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒன்று பார்த்தேன். செக்யூரிட்டி பேட்ச் தேதி: 2022 நவம்பர். அதற்குப் பிறகு இந்த மாடலுக்கு எதுவும் வரவில்லை. வேகத்துக்காகப் புதுப் போன் வேண்டாம் என்று இத்தனை நாளாக மகனிடம் வாதாடியவன் நான்தான். இந்தத் தேதி வேறு விஷயம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத போனில் ஓய்வூதியக் கணக்கு இருப்பது சரியில்லை.

அத்தை யோசித்தார். பேசவும் வாட்ஸாப்புக்கும் சீரியலுக்கும் இது போதும், பணம் அனுப்பும் செயலியை எடுத்துவிடு என்றார். எடுத்தேன். புதுப் போனை தீபாவளித் தள்ளுபடியில் பார்ப்பதாகவும், எத்தனை வருஷம் பேட்ச் வரும் என்று கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்குவதாகவும் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் போனது. அதுவரைக்கும் பாஸ்புக். பேங்குக்குப் போனால் பழைய ஹெட்மிஸ்ட்ரஸை வழியில் பார்த்துவிட்டு வரலாமாம்.