தொட்டால் சொல்

மகளுக்கு ஏழு வயதில் இடது கன்னத்தில் தேமல் வந்தது. கோடை விடுமுறை முழுக்கச் சேலையூரில் எங்கள் தெருவில் சைக்கிள் விட்டுக் கருத்துப்போயிருந்தாள். அந்தக் கருப்பில்தான் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுப்பு தெரிந்தது. "வயித்துல பூச்சி" என்று மாமியார் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தார். பதினைந்து நாளாகியும் போகவில்லை. ஒரு மதியம் குழந்தை தூங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேற எதுனாவா இருந்துடப் போவுதும்மா. பொட்டப் புள்ள. அக்கம்பக்கத்துல வாயத் தொறக்காத."

நாத்தனார் மகனுக்கு இரண்டு கன்னத்திலும் இதே வெளுப்பு இருந்தது. அவனுடையது கடைசிவரை பூச்சியாகவே இருந்தது.

முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்ணியம் பேசுகிறவள், மாமியாரின் அந்த ஒரு வாக்கியத்தில் நானும் நடுங்கித்தான் போனேன். காரணம் என் அத்தை. அப்பாவின் அக்கா. கல்யாணமாகி இரண்டாம் வருடம் உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெள்ளை விழ, மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர். ஊர் அதை வெண்குஷ்டம் என்றது. அவருடைய டம்ளர் புழக்கடை மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. நான் ஓடிப்போய் மடியில் உட்காரப் போனால் அம்மா பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுப்பாள். அத்தை அதைப் பார்க்காததுபோல முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

பயத்தில் நான் செய்த முதல் காரியம் தவறானது. மருத்துவரிடம் போனால் நாலு பேருக்குத் தெரியுமே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். மூன்று வாரம் தடவினேன். வெளுப்பு அப்படியே இருந்தது. சுற்றிலும் தோல் மெலிந்து சிவந்து, பொடிப்பொடியாகப் பரு கிளம்பியது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தோல் மருத்துவர், பெண். முதலில் அந்த டியூபைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு. மருந்துச் சீட்டில்லாமல் இதை விற்கக் கூடாதென்று 2018-லேயே விதி வந்துவிட்டதாம். "படர்தாமரைக்கு இதப் போட்டா இன்னும் மோசம் மேடம். வட்டமா, ஓரம் சிவந்து, நடுவுல தெளிஞ்சிருக்கும் பாருங்க, அந்த அடையாளமே கலைஞ்சிடும். அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ள பரவிக்கிட்டே இருக்கும்" என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திருப்பிக் கன்னத்தைப் பார்த்தார். ஓரம் தெளிவில்லாமல் மங்கிக் கலந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் தவிடுபோல மெல்லிய செதில் வருகிறது. இது வறண்ட தோலில் வரும் சாதாரணத் தேமல். பள்ளிக்கூட வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவது, பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சில மாதங்களில் தானே போகும் என்றார். வெண்புள்ளி என்றால் சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரம் வரைந்ததுபோல இருக்கும். செதில் இருக்காது, சில சமயம் அந்த இடத்து முடியும் நரைக்கும். அது தொற்றாது, குஷ்டமும் அல்ல. தொழுநோயின் படையில் உணர்ச்சி குறையும், வியர்வை வராது. அதற்கும் இப்போது மருந்து இலவசம்.

எங்கள் ரயில் தடத்திலேயே, செங்கல்பட்டுத் திருமணியில், 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அத்தை இருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். யாரும் கூட்டிப்போகவில்லை. பார்த்தே முடிவுகட்டிவிட்டார்கள்.

மருத்துவர் பஞ்சைத் திரி போல முறுக்கினார். "கண்ண மூடிக்கோ. தொட்டா சொல்லு." கன்னம், நெற்றி, வெளுப்பு, தாடை. "தொட்டீங்க… தொட்டீங்க…" என்று மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அரை நிமிடச் சோதனை. அத்தையை அப்படி ஒருவரும் தொட்டதில்லை.

இப்போது தமிழக அரசே வெண்குஷ்டம் என்ற சொல்லை விலக்கி வெண்புள்ளி என்று சொல்லச் செய்திருக்கிறது. அதற்காக அலைந்து கேட்டவர்கள் வெண்புள்ளி வந்தவர்களேதான். சட்டம் இன்னும் மெதுவாக வந்தது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழியை நான்கு மணச் சட்டங்களிலிருந்து நீக்க 2019 ஆகிவிட்டது. 1980-களிலேயே கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகக்கூடியதாகிவிட்ட நோய் அது.

வகுப்பில் சங்கப் பாடல் நடத்தும்போது 'சுணங்கு' வந்தால் முன்பெல்லாம் வேகமாகக் கடந்துவிடுவேன். தலைவியின் மேனியில் வேங்கைப் பூந்தாது உதிர்ந்தாற்போலப் படர்வது. உரைகாரர்கள் தேமல் என்றே பொருள் எழுதுகிறார்கள். கவிஞர்கள் அதை அழகென்று கொண்டாடினார்கள். பெண்ணுடம்பைப் பார்த்துத் தீர்த்த கண்தான் அதுவும், நான் அதைப் பெரிதாகப் புகழ மாட்டேன். ஆனாலும் போன வருடம் அந்தச் சொல்லில் நின்றேன். கன்னத்தில் கன்சீலர் அப்பி வரும் ஒரு மாணவி, "மேம், அப்ப தேமல் இருந்தா யாரும் மறைக்கலையா?" என்று கேட்டாள். வகுப்பு முடிந்து, ஓரம் எப்படி இருக்கிறது, செதில் வருகிறதா என்று கேட்டேன். பூஞ்சைத் தேமல் மாதிரிப் பட்டது. களிம்பு எதுவும் வாங்காதே, முதலில் மருத்துவரிடம் காட்டு என்று அனுப்பினேன்.

மகளுக்குக் களிம்பை நிறுத்தினோம். குளித்ததும் ஈரத்தோடு தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். எங்கள் போர்த் தண்ணீரின் உப்புக்கு அது எப்படியும் வேண்டியிருந்தது. சிவப்பு அடங்க ஒரு மாதம் ஆனது. தேமல் தீபாவளி வரை இருந்தது. போட்டோவில் தெரியுமே என்று மாமியார் பவுடர் டப்பாவோடு வந்தார். மகள் அவரை உட்காரவைத்துக் கையில் பஞ்சை எடுத்துக்கொண்டாள்.

"பாட்டி, கண்ண மூடு. தொட்டா சொல்லு."

மாமியார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.