இரத்தக்கண்ணீருக்கு விடை

பொங்கல் நெருங்கும்போதெல்லாம் சாம்பியன் ரயிலடியில் நம்மைக் காண்கின்ற பழைய முகங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "இந்த வருஷம் உங்க லைன்ல நாடகம் உண்டா?" பெங்களூரிலும் ஓசூரிலும் குடியேறிவிட்டவர்கள், பண்டிகைக்கு வீடு திரும்புகையில், தோளில் பையும் கையில் கரும்புமாக நின்று கேட்கும் கேள்வி அது. இல்லை என்று சொல்லிச் சொல்லி நமக்கும் பழகிவிட்டது. ஆயினும் ஏன் இல்லை என்பதை நாம் ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இவ்வேட்டைப் படிக்கும் அன்பர்கள் பலரும் நம்மைப்போலப் பிழைப்பைத் தேடி ஊர் பெயர்ந்த குடும்பத்தார் ஆகையால், அவர்களிடம் சொல்வதில் கூச்சம் சற்றுக் குறைவு.

நாடகம் "இரத்தக்கண்ணீர்". திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா அவர்கள் 1949 முதல் ஊர் ஊராக மேடையேற்றிய அதே நாடகம். சீமையில் படித்துவிட்டு வந்த செல்வன் மோகனசுந்தரம், பெற்ற தாயையும் கைப்பிடித்த சந்திராவையும் இகழ்ந்து, காந்தா என்னும் தாசியின் வலையில் வீழ்ந்து, பொருளையும் உடலையும் இழந்து, குட்டநோய் பிடித்துத் தெருவில் பிச்சை எடுக்கும் கதை. 1954 தீபாவளிக்கு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் இது படமாகவும் வந்தது. படம் வந்த பிறகும் நாடகத்துக்குக் கூட்டம் குறையவில்லை. படத்தில் பேசியது பேசியதுதான். மேடையிலோ அன்று காலைச் செய்தித்தாளில் வந்த சங்கதி மாலையில் மோகனசுந்தரத்தின் வாயிலிருந்து வரும். நாடகத்தை முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் காட்டவேண்டும் என்று சென்னை இராஜ்யத்தில் 1954-ல் ஒரு சட்டம் பிறந்ததற்கு ராதாவின் நாடகங்களே பெருங்காரணம் என்பர். அந்தச் சட்டத்தை 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. இடையில் 1967-ல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்று, 1971-ல் வெளிவந்து, மீண்டும் அதே வேடத்தைக் கட்டியவர் ராதா. 1979 செப்டம்பர் 17, தந்தை பெரியாரின் நூறாவது பிறந்தநாளன்று, அவர் மறைந்தார்.

நம் லைனில் தமிழரோடு தெலுங்குக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் விட்டுக் கொடுக்கமாட்டார்கள். தெலுங்கில் இதே நாடகத்தை நாகபூஷணம் ஆயிரக்கணக்கான முறை நடத்தி, நாடகத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றவர். ராதா பெரியவரா, நாகபூஷணம் பெரியவரா என்று குழாயடியில் தொடங்கும் வழக்கு சாராயக்கடை வரையில் போய், தீர்ப்பில்லாமல் திரும்பி வரும். 2003-ல் உபேந்திரா நடித்த கன்னடப் படமும் வந்தபின் வழக்கில் மூன்றாவது கட்சியும் சேர்ந்துகொண்டது.

நம் பாட்டனார் வடார்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்தவர். தந்தையார் இங்கேயே பிறந்து, இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கினார். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அடியில் பாறையே கொதிக்கும் என்பார்கள். அங்கே பாறை துளைத்துவிட்டு மேலே வந்து, குளித்து, ஒத்திகைக்குப் போவார். அச்சுப் புத்தகம் எதுவும் இல்லை. படத்தின் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு, நாலைந்து பேர் சேர்ந்து எழுதிய ஒரு நீள நோட்டுத்தான் மூலம். காந்தாவுக்கும் சந்திராவுக்கும் வெளியூரிலிருந்து நடிகைகளை அமர்த்துவார்கள். மற்றவை அனைத்தும் லைன் ஆட்கள். மோகனசுந்தரம் மட்டும் 1975 முதல் கடைசி வரை நம் தந்தையார்தான்.

ராதாவைப் போலவே அவரும் நோட்டில் இல்லாததைப் பேசுவார். சுரங்க வாசலில் உடற்சோதனை நடந்த காலத்தில், பிச்சைக்காரக் கோலத்தில் நின்று, "என் செருப்பிலேகூட தங்கம் தேடினாங்கப்பா, ஓட்டைதான் கிடைச்சது" என்பார். முன் வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அதிகாரிகள்தாம் முதலில் சிரிப்பார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு வந்த பொங்கலில், "நாடெல்லாம் தங்கம் விலை ஏறுதாம், தங்கத்து மேலே குடியிருக்கிறவனுக்கு பஸ் சார்ஜுக்கு வழியில்லே" என்றார். அன்று சிரித்தவர் குறைவு. கைதட்டல் மட்டும் நெடுநேரம் ஓயவில்லை.

நாடகத்தில் நமக்கு ஒவ்வாத ஒன்று உண்டு. குட்டநோயை ஒழுக்கக் கேட்டுக்குத் தண்டனையாகக் காட்டுவது நியாயமன்று. அது கிருமியால் வருவது என்று ஹான்சன் 1873-லேயே கண்டறிந்தார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் ஓராண்டுக்குள் குணமாகக் கூடியது. ஒருமுறை நாடகம் முடிந்ததும் சுகாதார ஊழியர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து இதைத் தந்தையாரிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். மறு ஆண்டு மோகனசுந்தரம் சபையைப் பார்த்து, "நோவுக்கு ஆஸ்பத்திரியிலே மாத்திரை இருக்கு. என் புத்திக்குத்தான் இல்லே" என்றார். அந்த வரியை நாம் பென்சிலால் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தோம்.

நோட்டு நம் கையில்தான் இருந்தது. பன்னிரண்டாம் வயது முதல் படுதாவின் மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது நம் வேலை. இரண்டொரு முறை நண்பன் பாலு வேடத்துக்கு நம்மை நிறுத்திப் பார்த்தார்கள். மேடை விளக்கு முகத்தில் பட்டவுடன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தாவது தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவான பின்னும் பொங்கலுக்கு விடுப்பு வாங்கி அதே படுதாவின் பின்னால் நின்றோம்.

தாயார் நாடகம் பார்ப்பதில்லை. மணமான புதிதில் ஒருமுறை போய், கணவர் மண்ணில் புரண்டு பிச்சை கேட்பதைக் கண்டு பாதியில் எழுந்து வந்தவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் நோயாளிக் கோலத்துக்கு வேண்டிய கட்டுத்துணிகளைப் பழைய வேட்டியிலிருந்து கிழித்துக் கொடுப்பதும், மறுநாள் துவைத்துச் சுருட்டித் தகரப் பெட்டியில் வைப்பதும் அவர்தான். கதையின் முடிவைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. சாகுமுன் மோகனசுந்தரம் தன் மனைவியைப் பாலுவுக்கே மணம் முடித்து வைக்கிறான் அல்லவா? புரட்சி என்று ஊரெல்லாம் கொண்டாடும் கட்டம். "அவளை ஒரு வார்த்தை கேட்டானா?" என்பார் தாயார், கீரை ஆய்ந்துகொண்டே.

சுரங்கம் மூடியபின் ஆட்கள் கரைந்தார்கள். விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவு திரும்புகிறவனுக்கு ஒத்திகை ஏது? ஆர்மோனியம் வாசித்தவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் நாடகம் எப்படியோ நடந்தது, 2017 பொங்கல் வரை.

அந்த இரவைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். தந்தையாருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. காந்தாவின் வாசலில் நின்று கெஞ்சும் கட்டம். வழக்கமாக இரண்டு முறை இருமுவார். அது நோட்டிலேயே உண்டு. அன்று இருமல் நிற்கவில்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்து, தரையில் கையூன்றி இருமினார். கூட்டம் சீழ்க்கை அடித்தது. இவ்வளவு தத்ரூபமாக அவர் ஒருநாளும் செய்ததில்லை என்று யாரோ உரக்கச் சொன்னதும் நம் காதில் விழுந்தது. திரைக் கயிற்றைப் பிடித்திருந்தவர் தந்தையாரோடு முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் இறங்கியவர்; அவருக்கு அந்த இருமல் எது என்று தெரியும். நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் தலையை அசைத்தால் போதும், திரை விழும்.

நாம் அசைக்கவில்லை. பயத்தால் அன்று, கைதட்டல் காதுக்கு இனிமையாக இருந்ததால். இதுவரை எழுதாமல் வைத்திருந்தது இந்த ஒரு வரியைத்தான்.

அவர் எழுந்து, மிச்ச வசனத்தையும் பேசி, நாடகத்தை முடித்தார். மறுநாள் துணி துவைக்கையில் தாயார் ஒரு கட்டைத் தனியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். மேடைச் சிவப்பு சோப்புக்குப் போய்விடும். அது போகவில்லை. ஒன்றும் பேசாமல் அதை மட்டும் அடுப்பில் போட்டார். அந்த மாதமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர், "எத்தனை வருஷம் பாறை துளைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். பாறைத் தூசு நுரையீரலில் படிந்தால் பிறகு அதை எடுக்கும் மருந்து இல்லை. 1940-களில் தங்கவயலில் எடுத்த கணக்கில், சோதிக்கப்பட்ட தொழிலாளரில் 100-க்கு 40-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது என்று பின்னர் படித்தோம். நம் லைனில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வீடு அதிகம் இல்லை.

அடுத்த கார்த்திகையில் நாடகக்காரர்கள் நோட்டும் சந்தாப் புத்தகமுமாக வந்தார்கள். தந்தையார் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நிறுத்தி, "நைனாவே வேணாம்னு சொல்லிட்டாரு" என்றோம். உள்ளே போய்த் தந்தையாரிடம், "ஆள் சேரலையாம் நைனா, எனக்கும் லீவு கிடைக்காது" என்றோம். ஒரே நாளில் இரண்டு பொய். நாற்பதாண்டு நாடகம் அவ்வளவில் நின்றது.

பங்கீட்டுக் கடை வரிசையில் யாரோ சொல்ல, அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பத்து நாட்கள் நம்மோடு பேசவில்லை. பதினோராம் நாள் மாலை நாம் பணி முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகையில், "தம்பி, அந்த நோட்டை எடுத்தா" என்றார்.

கட்டிலில் சுவரோடு சாய்ந்து அமர்ந்தார். நாம் கீழே பாயில். துணைவியார் தொலைக்காட்சியை அணைத்தார். நாம் முதல் வரியை எடுத்துக் கொடுத்தோம். அவர் தணிந்த குரலில், மூச்சுக்கு இடம் விட்டு விட்டுப் பேசினார். காந்தாவின் முறை வந்தபோது நாம் நோட்டைப் பார்த்துப் படிக்க வாய் திறக்குமுன், அடுக்களையிலிருந்து தாயாரின் குரல் அந்த வசனத்தைச் சொல்லியது. நாம் திகைத்துப் போனோம். பார்க்காத நாடகம், ஆனால் நாற்பதாண்டு ஒத்திகையைச் சுவருக்கு இப்புறமிருந்து கேட்டவர் அல்லவா? சந்திராவும் அவரே, தாயும் அவரே ஆனார். அடுப்பு வேலையும் நிற்கவில்லை. தாளிக்கும் சத்தத்தில் ஒரு வசனம் மறைந்ததற்குத் திரும்பச் சொன்னார். நம் மகள், நான்கு வயதுக் குழந்தை, ஆயா எதற்குத் தாத்தாவைத் திட்டுகிறார் என்று அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்த அன்றைக்கு அங்கேயே நிறுத்தினோம்.

மூன்று மாலைகள் ஆயின. மூன்றாம் நாள் கடைசிக் கட்டம். பாலுவின் வசனத்தை நாமே படித்தோம். விளக்கு முகத்தில் இல்லாததால் நாக்கு ஒட்டவில்லை. தந்தையார் கையை நீட்டி, சந்திராவைப் பாலுவிடம் ஒப்படைக்கும் வசனத்தைத் தொடங்கினார். தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நோட்டில் இல்லாதது. தந்தையார் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க முயன்று இருமினார், தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்து, "கேக்கலே. நாப்பது வருஷமா கேக்கலே" என்றார்.

"சரி. எழுந்து வாங்க, சோறு ஆறுது" என்றார் தாயார்.

சாப்பிடும்போது தந்தையார் நம்மைப் பார்க்காமலே, "அன்னிக்குப் படுதாவைப் போட்டிருக்கலாம் நீ" என்றார். "ஆமாம் நைனா" என்றோம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தாயார் தகரப் பெட்டியிலிருந்த கட்டுத்துணிகளை எடுத்து வெந்நீரில் அலசி, கரித்துணிக்கு வைத்துக்கொண்டார். அவற்றில் இரண்டு இன்னும் நம் அடுக்களையில் இருக்கின்றன.