கடப்பாரை வேண்டாம், டேப் போதும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கார் ஆலைகளின் காம்பவுண்டு சுவர்தான். சுவர் முடிகிற இடத்தில் சில சமயம் ஒரு முள்காடு வரும். சீமைக்கருவேலத்துக்கு நடுவே நீலப் பலகை ஒன்று துருப்பிடித்து நிற்கும்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை. சுற்றிலும் பார்த்தால் கோபுரமும் இல்லை, தூணும் இல்லை. பலகையை இடம் மாற்றி நட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். தரைக்கு மேலே ஒரு முழம்கூட எழும்பாத உருண்டைக் கற்கள் வளைந்துகொண்டே போய் வட்டமாக முடியும். நடுவில் சரளை லேசாக மேடு தட்டியிருக்கும். இதுதான் கல்வட்டம். இப்படிப்பட்டவற்றின் அடியில் தாழியோ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையோ, கூடவே கருப்பு சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் கிடைக்கும். இரும்புக் காலத்து இடுகாடு. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். "அது பாண்டவங்க குழி தம்பி. ராத்திரியில அந்தப் பக்கம் போவ மாட்டோம்" என்றார். இந்தக் கற்கள் இவ்வளவு காலம் தப்பித்ததில் பலகையைவிட அந்தப் பயத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம், 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவிடம். இரண்டுக்கும் வழி சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கல்வட்டத்துக்கு வழி கேட்டால் விழிப்பார்கள். இத்தனைக்கும் எருமையூர், நாட்டரசன்பட்டு என்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள் பலவற்றின் ஈமச்சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருக்கின்றன. மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950லும் 1952லும் அகழாய்வே நடந்தது. 2022இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் அதே துறை தோண்டியபோது கற்கருவிகளும் கண்ணாடி மணிகளும் ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் வந்தன. கார் ஏற்றுமதிக்கு முன்பே இந்த வட்டாரம் கடல் வணிகத்தோடு கைகோத்திருக்கிறது.

இப்படிப் பழம்பொருள் தேடும் கதையின் தொடக்கமே வேலைக்கு வெளியே செய்த வேலைதான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியல் துறை ஊழியர். பாறைகளை ஆராய்வதற்குத்தான் சம்பளம். கற்கருவி தேடியது சொந்த ஆசை. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஆசை உள்ளவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆனால் தன்னார்வப் பணி என்றதும் நம் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகிறது. அப்பர் காலத்திலிருந்து வரும் பழக்கம். உழவாரப் படையை எடுத்தோமா, புல்லைச் செதுக்கினோமா என்று. கோயில் பிராகாரத்துக்கு அது சரி. கல்வட்டத்தில் செதுக்கினால் போவது புல் மட்டுமல்ல, சரளை மேடும் சேர்ந்துதான்.

அதைவிட ஆபத்து மரக்கன்று. கம்பெனி பஸ்ஸில் ஒரே நிற டி-சர்ட்டில் ஐம்பது பேர் வந்து இறங்கி, ஆளுக்கொரு குழி வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போவது இந்த வட்டாரத்து வாடிக்கை. ஏரிக்கரையில் செய்யட்டும், நல்லது. ஈமக்காட்டில் இரண்டடிக் குழி போட்டால் தாழியின் வாய் உடையும். கன்று பிழைத்துவிட்டாலோ மிச்சத்தை வேர் பார்த்துக்கொள்ளும். நல்லெண்ணத்தால் அழிவது என்பது இதுதான்.

பிறகு என்னதான் செய்வது? அளக்கலாம், எழுதலாம். டேப்பைப் பிடித்து வட்டத்தின் குறுக்களவு எடுங்கள். கற்களை எண்ணுங்கள். எத்தனை இடம் பெயர்ந்திருக்கின்றன, எதில் ஜேசிபி பல் கீறிய புதுத் தழும்பு இருக்கிறது, பக்கத்துச் சுவர் எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனிலேயே அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடும். ஒரே இடத்தில் நின்று வருடா வருடம் ஒரு படம் எடுங்கள். போன வருடப் படத்தில் இருந்த கல் இந்த வருடம் இல்லையென்றால் அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கல்லில் சாக்பீஸ் எண் போடாதீர்கள். மழைக்குப் பிறகு மேலே தெரியும் பானை ஓட்டைப் பையில் போடாதீர்கள். எடுத்த இடம் தெரியாத ஓடு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி.

சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் முள்காட்டில் நடப்பதை யாராவது பார்த்துச் சொன்னால்தானே சட்டம் எழுந்திருக்கும்? இங்கே விடுதிகளில் தங்கி ஷிப்டு பார்க்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், நான்கு பேர் போதும்.

போவதற்கு முன் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எடுத்த குறிப்பின் பிரதியை அங்கேயும் தாசில்தார் அலுவலகத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் புல் மூடிக் கல்லே தெரியாது. தை பிறந்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.