புது எஞ்சினைக் கழற்றுகிறவர்கள்

பூம்புகாரில் புது எஞ்சின் வாங்குகிற மீனவர்கள் பலர் அதை நேராகப் படகில் ஏற்றுவதில்லை. முதலில் மெக்கானிக் பட்டறைக்குத்தான் போகிறது. தொழிற்சாலையில் முடுக்கி அனுப்பிய போல்ட்டுகளை அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்குகிறார்கள். பழுதாவதற்கு முன்பே நடக்கும் இந்தப் பழுதுபார்ப்பைப் பார்க்கத்தான் துறைமுகத்துப் பக்கம் போனேன்.

சிறிய ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பின்பக்கத்தில் அது உட்கார்ந்திருக்க, நீண்ட ஷாஃப்ட் ஒன்று சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் புரொப்பல்லர். லாங் டெயில் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காவிரி கடலில் கலக்கிற இந்த இடத்தில் மணல் திட்டு நின்ற இடத்தில் நிற்பதில்லை. தரை தட்டினால் ஷாஃப்ட்டை அப்படியே மேலே தூக்கிக்கொள்ளலாம். அந்த வகையில் இந்தக் கரைக்குப் பொருத்தமான ஏற்பாடு.

சிக்கல் எஞ்சினில் இருக்கிறது. காற்றில் குளிர்கிற இந்த ரகம் மேற்கே வயல்களில் தண்ணீர் இறைக்கவும் ஓடுகிறது. அங்கே வீசுவது வெறும் காற்று. இங்கே காற்றோடு உப்பும் வருகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் உப்பு படிந்தால் சூடு வெளியேற வழியில்லை. அலுமினிய உடம்பில் இரும்பு போல்ட் இறங்கியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். மெக்கானிக் ஒரு பழைய போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். மரை முழுக்க வெள்ளைப் பொடி. அதைக் கழற்றுவதற்குள் தலை முறிந்துபோயிருந்தது.

“எஞ்சினக் குத்தம் சொல்ல முடியாது சார். வரப்புல நிக்க வேண்டியதக் கடலுக்குக் கூட்டியாந்தா அது என்ன பண்ணும்?” என்றார்.

பிறகு புது எஞ்சின் ஒன்றைத் தாங்கியில் பூட்டி, பாரம் கொடுக்காமல் ஓட விட்டார். வெகுநேரம் ஓடிய பிறகு நிறுத்தி, சூட்டோடு ஆயிலை வடித்தார். இரண்டு விரலுக்கிடையில் அதைத் தேய்த்து வெயிலில் காட்டினார். மினுமினுப்பாக இரும்புத் துகள் தெரிந்தது. புது எஞ்சினில் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் வரும், அது தப்பில்லை, அந்த ஆயிலோடு கடலுக்குப் போவதுதான் தப்பு என்று விளக்கினார். ஷாஃப்ட் குழாயைப் பிரித்து, ஆயில் சீலைத் தானே வாங்கி வைத்திருந்த வேறொன்றால் மாற்றினார். சீல் தேய்ந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸ் பால் நிறமாகிவிடும், அப்புறம் பேரிங் தாங்காது. டீசல் குழாயில் காற்று அடைத்தால் எந்தத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை எப்படிக் கசியவிட வேண்டும் என்பதைப் படகுக்கார இளைஞனைச் செய்யச் சொல்லி, அவன் கை பழகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றால், வயலில் எஞ்சின் நின்றால் அன்றைய தண்ணீர் தள்ளிப்போகும். முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தில் நின்றால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும்.

படகின் கதையும் இதேதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் குவிந்தன. உதவி செய்தவர்களுக்கு எண்ணிக்கை முக்கியமாக இருந்தது. அவசரத்தில் அச்சில் வார்த்த படகுகளின் தரம் பற்றி அப்போதே கவலை எழுந்தது. ஃபைபர் என்பது கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காகச் சேர்வது. ஒவ்வோர் அடுக்கிலும் ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கே சோம்பினால் குமிழி உள்ளேயே தங்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும்போது வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

ஃபைபர் ஒட்டும் தொழிலாளி ஒருவர் படகின் அடிப்பாகத்தை நாணயத்தால் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டக் டக்கென்று தெளிவாகக் கேட்டது. ஓரிடத்தில் சத்தம் மந்தமானது. சாக்கட்டியால் வட்டம் போட்டார். அந்த இடத்தை கிரைண்டரால் சரிவாகத் தேய்த்தபோது அடுக்குகள் பிரிந்து, நடுவில் ஈரம் கசிந்தது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் புது மேட் ஒட்டுவார். ஈரத்தின் மேல் ஒட்டினால் அது மறுபடி பிரிந்துவிடும். இழைத்தூள் அவர் புருவத்தில் படிந்திருந்தது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். இந்த வேலைக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுகிற வழக்கம் இங்கே இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

படகை வடிவமைப்பவர்கள் கரைக்கு வந்து மீனவர்களைக் கேட்ட காலமும் உண்டு. 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையில் இறங்கிக் கரையேறும் படகுகளை மீனவர்களிடமே கொடுத்து ஓட்டிப் பார்த்தது. இன்றைக்கு மெக்கானிக்குக்குத் தெரிந்தது கடைக்காரர் கவுண்டரோடு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வெளி ஆள் எஞ்சினைத் திறந்தால் வாரண்டி போய்விடும். ஆக, உயிருக்குப் பயந்து எஞ்சினைச் சரிசெய்கிறவர் வாரண்டியை இழக்கிறார். வாரண்டியை நம்புகிறவர் அதே போல்ட்டோடு கடலுக்குப் போகிறார்.

2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. அங்கே மீன்வளப் பொறியியல் படிக்கிற மாணவர்கள் இந்தப் பட்டறைகளில் ஒரு பருவம் உட்கார்ந்து, எந்த போல்ட் முறிகிறது, எந்த சீல் போகிறது என்று எழுதி எடுக்கலாம். அந்தக் குறிப்பு தயாரிப்பாளர் மேசைக்குப் போக வேண்டும். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். “வரச் சொல்லுங்க சார். முதல்ல டீசல் டேங்க் மூடியக் காட்டுறேன். மழத்தண்ணி உள்ள போறதே அது வழியாத்தான்” என்றபடி அடுத்த எஞ்சினின் மூடியைத் திருகினார்.