சாக்குக்குள் போன மலைப்பாம்பு

கொடகவெல என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சாக்கு மூட்டை ஞாபகத்துக்கு வருகிறது.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பாதையிலுள்ள சிறு பட்டணம் அது. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். 1980களின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், அருகிலிருந்த தோட்டமொன்றில் பெரிய மலைப்பாம்பு பிடிபட்டதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதனை வெங்கிணாந்தி என்பார்கள்.

லயத்தில் வசித்த தொழிலாளி ஒருவரின் ஆட்டை அது விழுங்கியிருந்தது. பால் வெட்டச் சென்றவர்கள் கண்டு கலைத்தபோது ஆட்டைக் கக்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பாம்பு சாக்குக்குள் இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். "ஆடு போச்சு தம்பி, பாம்பாவது காசாகட்டுமே" என்றார் ஆட்டின் சொந்தக்காரர். அவருக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பாம்பின் நீளத்தையும் பருமனையும் குறித்துக்கொண்டு திரும்பினேன். செய்தியும் வெளியாயிற்று. ஆனால், வாங்கியவர் யார், எங்கே கொண்டு போகிறார், எதற்காக என்ற கேள்விகளை நான் கேட்கவேயில்லை. பெரும்பாம்பு வியாபாரத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் அவைதாம் என்பதை விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதனைப் பெருவிலை கொடுத்துப் படித்தது. அங்கு செல்லப்பிராணியாக விற்கப்பட்ட பர்மிய மலைப்பாம்பின் குஞ்சு இரண்டடி நீளந்தான் இருக்கும். சில ஆண்டுகளிலேயே பத்தடியைத் தாண்டிவிடும்; இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். விற்றவர் பலர் இதைச் சொல்லவில்லை. வாங்கியவர் பலர் கேட்கவில்லை. வளர்க்க முடியாமற் கைவிடப்பட்டவையும் தப்பியவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகின. 2008இல் அனுமதிப்பத்திரமும் உடலிற் பதிக்கும் மின்னணு அடையாளச் சில்லும் அங்கே கட்டாயமாக்கப்பட்டன. 2012இல் அமெரிக்க மத்திய அரசு அந்த இனத்தின் இறக்குமதியையே தடைசெய்தது. ஆனால், காலம் கடந்துவிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அந்தச் சதுப்பு நிலத்து வீதிகளில் ரக்கூன்கள் தென்படுவது 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் காட்டியது.

நமது அயலிலும் இது நடக்காமலில்லை. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பொதிகளில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. சாக்கு பயணப் பையாக மாறியிருக்கிறது, வேறென்ன?

முறையான கைமாற்றமும் உண்டு. தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலிருந்து 2010இல் ஐந்து அனகொண்டாக்கள் மைசூருக்கும், 2014இல் ஏழு திருவனந்தபுரத்துக்கும் அனுப்பப்பட்டன. அவற்றைக் கொடுத்தது யார், ஏற்றது யார் என்பது ஊரறிந்த விடயம். ஏதும் நேர்ந்தால் பதில் சொல்ல ஓர் இடம் இருக்கிறது.

பெரும்பாம்பை வளர்த்து விற்கச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் நேர்மையான வியாபாரிக்கு அடையாளம் என்ன? காட்டிற் பிடித்ததை அவர் விற்கமாட்டார். குஞ்சைக் காட்டும்போதே வளர்ந்த பாம்பின் அளவையும் ஆயுளையும் சொல்வார். தகுந்த கூண்டும் வசதியும் இல்லாதவருக்குக் காசு தந்தாலும் கொடுக்கமாட்டார். வளர்க்க இயலாதென்று திரும்பி வருபவரிடமிருந்து பாம்பை மீள ஏற்றுக்கொள்வார். பொறுக்கும் முட்டைகளுக்கெல்லாம் வீடு கிடைக்காதென்றால் இனப்பெருக்கத்தையே நிறுத்திவைப்பார். விற்பனையோடு பொறுப்பு முடிந்ததென்று கருதுபவர் பாம்பு வளர்ப்பவரல்லர், வெறும் தரகர்.

இலங்கையில் நிலைமை வேறு. இங்குள்ள மலைப்பாம்பு, 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் அதன் திருத்தங்களின் கீழும் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே, இங்கு பொறுப்பான விற்பனை என்பது விற்காமலிருப்பதே. தோட்டத்திற் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் முறை.

எனினும், இதை எழுதும்போது ஆட்டை இழந்த அந்த மனிதரின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. பால் தரும் ஓர் ஆடு லயத்துக் குடும்பத்துக்குச் சேமிப்புப் புத்தகம் போன்றது. அந்த நட்டத்துக்கு வழி சொல்லாமல் பாம்பை விற்காதே என்று மாத்திரம் சொல்வது பாதி நியாயம். மீதிப் பாதியை அன்று என் செய்தியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.